ஒட்டுப்போர்வையில் அம்மாவும் அப்பாவும்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

வரும் ஆகஸ்ட் 28ஆம் தேதியோடு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் திருமணமாகி நாற்பது ஆண்டுகள் நிறைகின்றன. 1985இல் கல்யாணம் முடிந்த சில வாரங்களில் திண்டுக்கல் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம்தான் இருவரும் சேர்ந்திருக்கும் முதல் படம். அது இன்று சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் பூஞ்சை பூத்துக் கிடக்கிறது. அந்தப் படத்தை அவர்கள் உடுத்திய துணிகளைக் கொண்டே ஒட்டுப்போர்வையாகத் தைத்துக் கொடுக்க முடிவு செய்திருக்கிறேன்.

துணிக்காக இன்று சின்னாளபட்டிக்குப் போனேன். பாத்திரக்காரருக்குப் போடுவதற்காக அம்மா பரணில் கட்டி வைத்திருந்த பழைய சேலை மூட்டையை, பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்கு வேண்டும் என்று சொல்லி, ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை ஈடாகக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். உள்ளே ஆறு நூல் சேலைகள் இருந்தன. அவற்றில் இரண்டு சுங்குடி. அப்பாவின் வேட்டிகள் மூன்றும் அதில் கிடந்தன.

ஜூன் 15, ஞாயிறு

நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை எட்டு மடங்காக்கினால் முப்பத்திரண்டுக்கு நாற்பத்தெட்டு அங்குலம் வருகிறது. கைப்பேசிச் செயலி ஒன்றில் படத்தை ஐந்தே சாயல்களாகக் குறைத்து, இருபத்தைந்து ஏ4 தாள்களில் அச்செடுத்து, அவற்றைத் தரையில் பரப்பி ஒட்டினேன். அருகிலிருந்து பார்த்தால் தீவுகளும் கடல்களும் போலத் தெரிந்த அந்தத் தாள்கள், நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்ததும் அப்பாவின் முகமாயின. கண்ணுக்கும் மூக்குக்கும் கோடு போட்டு வரைவதால் ஒரு முகம் வந்துவிடுவதில்லை, வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் அது இருக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அதனால் துணியைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைவிட அதன் அடர்த்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. துண்டுகளை வரிசையாக அடுக்கிக் கைப்பேசியில் கருப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பார்த்தபோது, எனக்கு வெவ்வேறாகத் தெரிந்த சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டன. அரக்கு நிறத்தில் புள்ளியோ கட்டமோ இல்லாத ஒரு பழைய சேலையோ, தன் ஒருத்தியிடமிருந்தே மூன்று சாயல்களைக் கொடுத்தது. இடுப்பில் செருகும் உள்சுற்றில் சாயம் அப்படியே இருந்தது, கொசுவப் பகுதியில் அது கொஞ்சம் தணிந்திருந்தது, வெயிலையும் அடுப்பையும் கண்ட முந்தானையில் நன்றாக வெளுத்திருந்தது. இரண்டு முகங்களையும் இந்தச் சேலையிலிருந்தே எடுக்கப்போகிறேன். வெளிச்சம் விழும் நெற்றிக்கும் மூக்குத்தண்டுக்கும் அப்பாவின் வேட்டி.

ஜூன் 29, ஞாயிறு

இன்றைய தவறு முழுவதும் என்னுடையது. எத்தனையோ முறை துவைத்த சேலைதானே, இனிச் சாயம் போகாது என்று நம்பி, ஒட்டிய நெற்றிப் பகுதியின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்தேன். எடுத்துப் பார்த்தால் வேட்டித் துண்டெங்கும் அரக்குச் சாயம் பரவியிருந்தது. இரண்டு வார வேலையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிறகு அந்தச் சேலையை, அலசிய நீர் தெளியும்வரை ஏழு தடவை பச்சைத் தண்ணீரில் அலசினேன். நிழலில் காயவைத்து, ஈர வெள்ளைத் துணிக்கடியில் வைத்து இஸ்திரி போட்டு, கறை இறங்கவில்லை என்று உறுதியான பிறகே கத்தரியைத் தொட்டேன்.

வேட்டியும் முழங்கால் படும் இடத்தில் நைந்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அங்கெல்லாம் அடியில் மல் துணி கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

நான்கு வாரமாக இந்த இரண்டு முகங்களோடுதான் வாழ்கிறேன். அப்பாவின் கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே உள்ள நிழலை வெட்டும்போது அது இவ்வளவு அகலமாக இருக்கலாமா என்று சந்தேகம் வந்து, மூலப்படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நிழல் சரிதான், சட்டைதான் அவருக்குப் பெரிதாக இருக்கிறது. அதைவிட வியப்பைத் தந்தது அம்மாவின் வாய். புதுப்பெண் கேமராவைக் கண்டு பயந்து நிற்கிறாள் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் இடது உதட்டோரத்தில் அரிசியளவு நிழல் ஒன்று மேல்நோக்கி ஏறியிருக்கிறது. அந்தத் துண்டைக் கீழ்நோக்கி வைத்தால் பயந்த முகம், படத்தில் உள்ளபடி வைத்தால் சிரிப்பை அடக்கிக்கொள்ளும் முகம்.

சுங்குடியை முகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் இருந்தேன், புள்ளிகள் தழும்பு போலத் தோன்றும். ஆனால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்ப்பதால் விழும் அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி மூக்குத்திக்கு எவ்வளவு பொருத்தம் என்று தோன்றியதும், பழுப்புச் சுங்குடியில் ஒரே ஒரு புள்ளி வருமாறு நகத்தளவு துண்டு வெட்டி, மூக்கின் மடலில் வைத்துக் காஜா தையல் போட்டேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்குக்குப் பெரியம்மா வந்திருந்தார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தலைமுடிக்காக நான் வெட்டி வைத்திருந்த கருப்பு ரவிக்கைத் துணியைக் கண்டதும், கல்யாண நாளுக்குக் கருப்பு வேண்டாம் என்று எடுத்து அப்பால் வைத்துவிட்டார். மயில்கழுத்து நிறத்தில் பழைய பட்டு ரவிக்கை ஒன்றைக் கொடுத்தார். கருப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பார்த்தேன், இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. நல்ல நாளில் பழைய துணியைக் கொடுக்கலாமா என்றும் கேட்டார். பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய வேட்டியைத்தானே போர்த்துகிறோம், அம்மாவின் சேலையில்தானே தூளி கட்டுகிறோம் என்றேன். அரை மனதோடு கேட்டுக்கொண்டார்.

இன்று அடுக்குகளைச் சேர்த்தேன். நம் வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம் என்று நடுவில் வேட்டியையே இரண்டாக மடித்துப் போட்டு, அடியில் முழுச் சேலைத் துணி வைத்து, நகராமல் நூலோட்டியிருக்கிறேன். வங்காளத்துக் காந்தாப் போர்வையில் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கும் வழக்கம் உண்டு. அதைப் பின்பற்றி, இரண்டு பேரின் புருவங்களுக்கும் அம்மாவின் சேலைக் கரையிலிருந்து நூல் உருவினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஓட்டுத்தையல் நேற்றிரவு முடிந்தது. ஓரத்துக்குக் கிராஸ் பட்டி வெட்ட மட்டும் இரண்டு மீட்டர் புதுத் துணி வாங்கினேன். இதில் கடையில் வாங்கியது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்றைய பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையின் மீதியோடு காலையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது விரித்துக் காட்டினேன். அம்மா முதலில் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு ஓரத்தைப் புரட்டிப் பின்பக்கத் தையலைப் பார்த்தார், பிறகு விரலால் துணியைத் தடவி, இது என் அரக்குச் சேலை அல்லவா என்றார். அதன் பிறகுதான் அந்தச் சேலை யாருடைய முகமாகியிருக்கிறது என்பதைக் கண்டார்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலரின் மேல் விரலை வைத்து, அந்தச் சட்டை தன்னுடையது இல்லை, தன் அண்ணனுடையது என்று, நாற்பது ஆண்டுகளில் எங்களிடம் முதன்முறையாகச் சொன்னார். ஸ்டுடியோவில் அப்பா அதைப் பின்னாலிருந்து இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தாராம். அதைப் பார்த்துத்தான் தனக்குச் சிரிப்பு வந்தது, படக்காரர் அதட்டியதால் அடக்கிக்கொண்டதாக அம்மா சொன்னார். உதட்டோரத்து நிழலை அவருக்குக் காட்டினேன்.

போர்வையை மடிக்கப் போனபோது அம்மா பொறு என்று சொல்லி உள்ளே போனார். மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்து, புதுத்துணிக்கு வைப்பதுபோல் அதன் நான்கு மூலைகளிலும் தொட்டு வைத்தார்.