டைல்ஸ் சத்தம்

அப்பா பெங்களூர் அல்சூரில் முப்பது வருஷம் டைல்ஸ் மேஸ்திரி. ஒட்டி முடித்த தரையில் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போவார். ‘டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கலவை பிடிக்கவில்லை என்று அர்த்தம். சத்தமில்லாமல் பெயர்த்து மறுபடி ஒட்டுவார். அந்தக் கூலி அவர் கணக்கில்தான்.

அதனால்தானோ என்னவோ, பெங்களூரில் ‘சோபா’ என்ற கட்டுமான நிறுவனத்தைத் தொடங்கிய பி.என்.சி. மேனன் மீது எனக்குத் தனி மரியாதை. பத்து வயதில் அப்பாவை இழந்தவர். பட்டப்படிப்பை முடிக்கவில்லை. 1976-இல் ஓமனுக்குப் போய் உள் அலங்கார வேலையில்தான் ஆரம்பித்தார். அப்புறம் 1995-இல் இங்கே வந்து, மனைவி பெயரிலேயே கம்பெனி. மரவேலை, கண்ணாடி, கான்கிரீட் கல் எல்லாவற்றுக்கும் சொந்தத் தொழிற்கூடம் வைத்தார். அடுத்தவர் சரக்கை நம்பி நிற்காத அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்ஃபோசிஸ் வளாகக் கட்டடங்கள் பலவும் அவர்கள் கட்டியவைதான்.

2013-இல் சொத்தில் பாதியைத் தர்மத்துக்கு என்று ‘கிவிங் பிளெட்ஜ்’ உறுதிமொழியில் சேர்ந்தார். அதற்குப் பல வருஷம் முன்பே பாலக்காடு வடக்கஞ்சேரிப் பக்கம் அவருடைய ஸ்ரீ குரும்பா அறக்கட்டளை வேலையைத் தொடங்கிவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி, முதியோர் இல்லம், வரதட்சணை இல்லாத திருமணங்கள். ஊர் ஊராகச் சிதறாமல் பக்கத்துப் பக்கத்துப் பஞ்சாயத்துகளிலேயே ஊன்றி நின்று செய்கிறார்கள்.

நேற்று அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “பள்ளிக்கூடத் தரை எப்படி இருக்குதுன்னு பாக்கணும்டா” என்றார். கோயம்புத்தூர் போகும்போது ஒருநாள் கூட்டிப் போகிறேன்.