செத்த மாட்டுக்கு முறைப்பாடு போட்ட கதை

மட்டக்களப்பு மாவட்டத்து மேய்ச்சல் தரைகளான மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்களுக்கு நிலைமை தெரியும். பெரும்போகத்துக்கு ஊர் வயல்களை விதைத்தால் மாடுகளை அங்கே கொண்டுபோவோம், அறுவடை முடியத் திரும்புவோம். இப்போது அந்தத் தரையில் வெளிமாவட்டத்தார் சோளச் சேனை செய்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சேனையைக் காக்க வைக்கும் சுருக்கும் மின்கம்பியும் மாட்டுக்கு எமன். அம்மா நாங்கள் பட்டியோடு தங்கும் வாடிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டா.

இந்த முறை எங்கள் சினை நாகு (இளம் பசு) ஒன்று வெடிபட்டுக் கிடந்தது.

பொலிசில் மிருக வைத்தியரின் அறிக்கை கேட்டார்கள். வைத்தியர் அலுவலகத்தில் பொலிஸ் கடிதம் இல்லாமல் வரமாட்டோம் என்றார்கள். இந்த இழுபறியில் மாடு நாறிப்போனது. கடைசியில் கிராம சேவகரின் கடிதம்தான் வழிவிட்டது. நீங்கள் முதலிலேயே அவரிடம் போங்கள். படம் எடுக்கும்போது காது இலக்கமும் சுட்ட குறியும் காயமும் ஒன்றாகத் தெரியட்டும். இல்லாவிட்டால் "இது உங்கட மாடுதான் எண்டு எப்படித் தெரியும்?" என்பார்கள்.

அடுத்த தலையிடி, மாட்டு அட்டை அப்பாவின் பெயரில் இருந்தது. உரிமையாளரே வரவேண்டுமாம். பட்டியைப் பார்க்க ஆளில்லாமல் மாமாவைக் கெஞ்சி நிறுத்திவிட்டு அப்பாவைக் கூட்டிப்போனேன்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார் அந்த உத்தியோகத்தர். தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்றேன். "விடு மகள், மறுகா ஏசுவானுகள்" என்று அப்பா என் கையைப் பிடித்தார். நான் விடவில்லை. வாசித்தால், மாடு 'இறந்து கிடந்தது' என்று மட்டும் இருக்கிறது, வெடியைக் காணோம்! வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை சொல்கிறது, தயங்காமல் கேளுங்கள். பின்னேரம்வரை குந்தியிருந்தோம், ஆனால் தமிழ் தெரிந்த ஒருவர் வந்து வெடியையும் சேர்த்துப் புதிதாக எழுதினார். அப்பா இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வெளியே வராதீர்கள். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் மேய்ச்சல் தரைக்கான பண்ணையாளர் போராட்டம் தொடங்கியபோது அங்கே இருந்த ஒரு பெரியவர் அப்பாவுக்குச் சொன்ன புத்தி அது. பிரதியும் எடுத்துவிட்டோம்.

இன்னும் யாரையும் பிடிக்கவில்லை. நட்டஈட்டுக்கு வேறு படிவம் இருக்கிறதாம். எங்கே கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.