அம்மாவின் சீட்டுப் பணமும் பெருங்குடி நிலையமும்

எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் கொல்லைப்புறத்தில் இருந்தது. கழிவுநீர் லாரி வாசலோடு நின்றுவிடும். ஆகவே அந்தத் தடித்த கறுப்புக் குழாய் கூடத்தின் நடுவே, சுவாமி அலமாரியை உரசிக்கொண்டுதான் போகும். அம்மா முதலிலேயே படங்களைப் பழைய புடவையால் மூடிவிடுவார். லாரி போன பிறகு எத்தனை வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் இரண்டு நாளைக்கு அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியாது. அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் ஆலந்தூர் அப்படித்தான் இருந்தது. சென்னையை ஒட்டிய நகராட்சி, பக்கத்திலேயே விமான நிலையம், ஆனால் பாதாளச் சாக்கடை கிடையாது. அப்போதைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதி, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கேட்டார். குழாயே பதிக்காத நிலையில் பணமா என்று அப்பா முதலில் கோபப்பட்டார். தெருக்கூட்டம் இரண்டுக்குப் போய்வந்த பின், அம்மாவின் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார்.

வீடு வீடாக வந்து கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் கழிவுநீர் போய்ச்சேர வேண்டிய பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் தன் முதலீட்டில் கட்டி, குறிப்பிட்ட ஆண்டுகள் நடத்திவிட்டு ஒப்படைக்க வேண்டும். சுத்திகரிக்கும் அளவுக்கேற்ப அதற்குக் கட்டணம். ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு நகராட்சி பொறுப்பு. வீடுகள் இணைப்பு வாங்காவிட்டால் கழிவுநீர் வராது, ஆனால் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். எங்கள் தெருவில் மளிகைக்கடைக்காரர் முதற்கொண்டு இந்தக் கணக்கைப் புரிந்து வைத்திருந்தார்கள்.

இப்போது கங்கைக் கரை நகரங்களில் வேறு முறை: கட்டுமானத்தின்போது செலவில் 40 சதவீதத்தை நிறுவனத்துக்கு அரசு தருகிறது, மீதி 60 சதவீதம் 15 ஆண்டுகளில், நிலையம் ஒழுங்காக ஓடுவதைப் பொறுத்து. நல்ல ஏற்பாடு. கட்டிவிட்டு ஓடிவிட முடியாது. ஆனால் அது ஒழுங்காக ஓடுகிறதா என்பதை அதிகாரி மட்டும் பார்த்தால் போதாது, தெருவும் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இணைப்பு கொடுத்த அன்று எங்கள் செப்டிக் டேங்கை மணல் கொட்டி மூடினார்கள். அதன்மேல் அம்மா செம்பருத்தி வைத்தார். மாதக் கட்டணம் 150 ரூபாயைக் கட்டப் போகும்போதெல்லாம், பெருங்குடி நிலையம் ஓடுகிறதா என்று கவுன்ட்டரில் கேட்டுவிட்டுத்தான் அப்பா திரும்புவார்.