பணம் கட்டச் சொல்லி டிகிரி ஆகிவிட்டால்

புரோநோட்டு (கடன் பத்திரம்) கேஸில் டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை, ஆனதும் பலர் அந்தக் காகிதத்தை பீரோவில் வைத்துவிட்டு, கோர்ட் அமீனா ஜப்திக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். வக்கீல் குமாஸ்தாவாக இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். டிகிரியை நிறைவேற்றிக்கொள்ள எதிராளிக்கு 12 வருடம் இருக்கிறது, அதை எதிர்க்க நமக்குப் பெரும்பாலும் 30 நாள்தான்.

ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி ஆகியிருந்தால், அதாவது நாம் இல்லாமலே தீர்ப்பாகியிருந்தால், சம்மன் முறையாக வரவில்லை அல்லது வரமுடியாததற்குத் தக்க காரணம் இருந்தது என்று காட்டி, அதே கோர்ட்டிலேயே டிகிரியை ரத்து செய்யக் கேட்கலாம். சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 9 ரூல் 13. நாள் தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு போட வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

வழக்கு நடத்தித் தோற்றிருந்தால் அப்பீல். கீழ் அப்பீல் கோர்ட் என்றால் 30 நாள், ஹைகோர்ட் என்றால் 90. தீர்ப்பு வந்ததுமே நகல் மனு போட்டுவிடுங்கள், நகல் கிடைக்க ஆகும் நாள் கெடுவில் சேராது. ஆனால் அப்பீல் போட்டாச்சு, இனி ஜப்தி வராது என்று நிம்மதியாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. ஸ்டே (நிறைவேற்றத் தடை) தனியாகக் கேட்க வேண்டும். பணம் கட்டும் டிகிரி என்பதால் தொகையை டெபாசிட் செய்யவோ ஜாமீன் கொடுக்கவோ கோர்ட் சொல்லும், அதற்கு வழி பார்க்காமல் அப்பீலுக்குப் போவதில் பயனில்லை. வட்டி வேறு ஓடிக்கொண்டே இருக்கும்.

நிஜமாகவே பணம் இல்லை என்றால் தவணை கேளுங்கள். டிகிரிக்குப் பிறகு அதற்கு எதிராளியின் சம்மதம் வேண்டும், மாதாமாதம் வருமென்றால் ஒத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஜெயில் பயத்தில் ஊரைவிட்டு ஓடாதீர்கள். கட்ட வசதி இல்லாத ஏழையை, அந்த ஒரே காரணத்துக்காக உள்ளே வைக்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1980-லேயே சொல்லிவிட்டது. பணத்துக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. சம்பளத்திலும் முதல் 1000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடமுடியாதவை. 25,000 என்றால் பிடிக்கக்கூடியது அதிகபட்சம் 8,000.

அப்புறம், வெளியே பேசி முடித்துப் பணம் கொடுத்தால் பேங்க் வழியாகவே கொடுங்கள், 30 நாளுக்குள் கோர்ட்டில் மனு போட்டுப் பதிவு செய்துவிடுங்கள். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் கணக்கிலேயே எடுக்காது, அதே தொகைக்கு மறுபடி இ.பி. (டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) வரும்.