ஏற்காட்டுப் பள்ளிகளும் என் ஆய்வேடும்

நவம்பர் 19, 2024

ஏற்காட்டு மலையின் சிறு பள்ளிகளில் தலைமையாசிரியர்கள் எப்படித் தலைமை தாங்குகிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இன்று போனது வாழவந்தி பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் பிள்ளைகளில் பாதிப் பேர் வரவில்லை. மணி அடித்ததும் தலைமையாசிரியை என்னையும் கூட்டிக்கொண்டு எஸ்டேட் வீடுகளுக்குக் கிளம்பிவிட்டார்.

“சின்னவனப் பாத்துக்க ஆளில்லீங்க டீச்சர், அதான் பாப்பாவ நிறுத்திட்டேன்” என்றார் ஒரு தாய்.

“சின்னவனையும் சேர்த்தே அனுப்புங்கம்மா. பக்கத்துல அங்கன்வாடி இருக்குல்ல, நான் பேசிக்கிறேன்.”

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். என் கையில் இருந்த வினாப்பட்டியலில் இதைக் குறிக்க ஓர் இடமும் இல்லை. கல்வி ஆய்வாளர் ஹாலிங்கர் 1980களில் அமெரிக்கப் பள்ளி முதல்வர்களை வைத்து, பள்ளித் தலைமையை அளக்க உருவாக்கிய கருவி அது. மொத்தம் 50 கூற்றுகள். ஆசிரியர்களை மேற்பார்வையிடுகிறாரா, கற்பித்தல் நேரத்தைக் காக்கிறாரா என்றெல்லாம் கேட்கும். நல்ல கருவிதான். ஆனால் இந்தத் தலைமையாசிரியையே மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார். யாரை மேற்பார்வையிடுவது?

டிசம்பர் 3

கைடு மேடத்திடம் சொன்னேன். “கருவியைத் தூக்கிப் போடாதே. அது எங்கே பொருந்தவில்லை என்பதையே ஓர் இயலாக எழுது” என்றார். அன்றிலிருந்துதான் எழுத்து ஓடத் தொடங்கியது.

ஜனவரி 9, 2025

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை மறுபடி படித்தேன். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 150 பேரைத் தாண்டினால்தான் கூடுதலாகத் தலைமையாசிரியர் ஒருவர். அப்படியென்றால் சேர்வராயன் மலையின் சிறு பள்ளிகளில் தலைமை என்பது வகுப்பாசிரியரின் தலையில் ஏற்றிய இன்னொரு சுமை. வகுப்பு நடக்கும்போதே எமிஸ் பதிவு வேறு, அதாவது பள்ளி விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றும் வேலை. மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். அந்நேரம் உள்ளே பாடம் நிற்கிறது. இதைப் பார்த்துவிட்டுப் பயிற்சி போதவில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 14

ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது எவ்வளவு என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை முடிந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இருந்தது. அப்புறம் பைண்டிங், கையெழுத்துகள், கட்டணம். ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. இனி வெளித் தேர்வாளர்கள் இருவரின் அறிக்கை வர வேண்டும்.

செப்டம்பர் 12

கருப்பூரில், பெரியார் பல்கலைக்கழகத்தில் பொது வாய்மொழித் தேர்வு. புறத் தேர்வாளர் நேராக விஷயத்துக்கு வந்தார்: “இரண்டே பேர் இருக்கும் பள்ளியில் பகிர்ந்தளிக்கப்பட்ட தலைமை என்கிறீர்கள். யாருக்குப் பகிர்ந்தளித்தார்கள்?”

அந்த எஸ்டேட் நடையைச் சொன்னேன். அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு சமைப்பவர், பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அது காகிதத்தில் நிற்காமல் நடந்த ஊர்களில், வராத பிள்ளையைத் தேடிப் போகும் வேலையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் செய்தது அவர்களை நம்பிக் கேட்டதுதான். தேர்வாளர் தலையசைத்து எழுதிக்கொண்டார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தபோது அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

செப்டம்பர் 15

வாழவந்தித் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். வாழ்த்திய கையோடு, “சரிங்க டீச்சர், அது பூரா இங்கிலீஷ்தானே? தமிழ்ல பத்துப் பக்கம் எழுதிக் குடுங்க. குழுக் கூட்டத்துல வாசிக்கிறோம்” என்றார்.

இன்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். முன்னாய்வுகள், புள்ளியியல் எல்லாம் போகட்டும். எமிஸ் பதிவை ஈராசிரியர் பள்ளிகளிடமிருந்து எடுத்து, பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான குறுவள மையத்தில் ஓர் ஆளிடம் கொடுக்க வேண்டும் என்ற பரிந்துரையை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வட்டாரக் கல்வி அலுவலரிடமும் ஒரு பிரதியை நேரில் கொடுத்துவிடுவேன்.