எஸ்டீம் இன்ஜின், ஜிப்ஸி உடம்பு: ஈசியூவும் இரண்டு கம்பித் தகராறும்

நேற்று சாயங்காலம் ஐந்தே காலிலிருந்து ஆறு மணி வரை ஜிப்ஸி ஒரே மூச்சாக ஓடியது. இருமவில்லை, திணறவில்லை. லேப்டாப்பில் 'சிங்க் லாஸ்' எண்ணிக்கை, அதாவது இன்ஜின் எந்தக் கோணத்தில் சுற்றுகிறது என்பதை அதன் கம்ப்யூட்டர் தவறவிட்ட தடவை, பூஜ்யத்திலேயே நின்றது. ஏழு வாரமாக அந்தப் பூஜ்யத்துக்காகத்தான் தவம் கிடந்தேன். மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வண்டி 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். உள்ளே இருந்தது கார்புரேட்டர் வைத்த 1.3 லிட்டர் ஜி13பிஏ, எட்டு வால்வு. அதை இறக்கிவிட்டு மாருதி எஸ்டீம் காரில் வந்த ஜி13பிபி ஏற்றியிருக்கிறேன்: பதினாறு வால்வு, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்), 85 குதிரைத்திறன். இரண்டும் ஒரே வம்சம். பழசின் வெளிச் சாமான்கள் பெரும்பாலும் புதுசில் உட்கார்ந்துவிடும். பெல் ஹவுசிங், மவுண்ட், கிளட்ச் சமாச்சாரமெல்லாம் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். நான் வேலை பார்ப்பது ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு கடலுக்குப் போகாது. எங்களுக்கும் பாதி வேலைதான். வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் கட்டி இரண்டே நாளில் இன்ஜின் இறங்கி ஏறிவிட்டது. அதை ஓட்டும் பெட்டியை, அதாவது ஈசியூ என்னும் இன்ஜின் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுக்கத்தான் நாலு மாதம் பிடித்தது.

(ஆர்.சி. பற்றிக் கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றி ரோட்டில் இறக்கக்கூடாது. என் மனு நடையில் இருக்கிறது. அதுவரை வண்டிக்கு எங்கள் வீட்டு வளவுதான் உலகம்.)

முதல் யோசனை எல்லாருக்கும் வருவதுதான்: இன்ஜினோடு வந்த கம்பெனி ஈசியூவையே மாட்டுவது. இன்ஜினைச் சென்னை புதுப்பேட்டையில் எடுத்தேன். கடைக்காரர் ஈசியூவையும் தந்தார், வயரிங்கையும் தந்தார். ஆனால் வயரிங்கை எந்தப் புண்ணியவானோ பிளக்கிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டியிருந்தான். சரி, ஒட்டிக்கொள்ளலாம் என்று ஈசியூ மூடியைத் திறந்தால், பிளக் பின்கள் பலகையில் இறங்கும் இடம் முழுக்கப் பச்சைக் களிம்பு. முந்தின சொந்தக்காரரும் கடற்கரைவாசியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பல் துலக்கும் பிரஷ்ஷும் ஆல்கஹாலும் வைத்துத் தேய்த்தேன். களிம்போடு சேர்ந்து ஒரு செம்புத் தடமும் கையோடு வந்தது.

கம்பெனி ஈசியூவைக் குறை சொல்ல மாட்டேன். குளிரில் ஸ்டார்ட், ஏசி போட்டால் ஐடில் ஏறுவது, சென்சார் செத்தால் தட்டுத்தடுமாறியாவது வீடு சேர்ப்பது என்று ஒரு ஆளால் வருஷக்கணக்கில் உட்கார்ந்தும் செய்ய முடியாததெல்லாம் அதற்குள் இருக்கிறது. நல்ல நிலையில் ஒன்று வயரிங்கோடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே போடுங்கள். சாவியில் சிப் வைத்துப் பூட்டிய மாடல் என்றால் மட்டும் சாவி, பூட்டுப் பெட்டி, ஈசியூ மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் இன்ஜின் வாயே திறக்காது.

அடுத்து மைக்ரோஸ்குவர்ட், எந்த இன்ஜினுக்கும் நாமே அமைத்துக்கொள்ளும் வெளி ஈசியூ. இந்த இன்ஜினுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஜி13பிபி-யில் வால்வு கவர் மேல் இரண்டே காயில், ஒவ்வொன்றும் இரண்டு பிளக்குக்கு நெருப்பு தரும். மைக்ரோஸ்குவர்ட்டிலும் இக்னிஷன் வெளியீடு இரண்டு, இன்ஜெக்டர் வெளியீடு இரண்டு. 35 பின் கொண்ட ரப்பர் சீல் வைத்த பிளக். மேப் சென்சார் (இன்ஜின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) மட்டும் வெளியே தனியாக வைக்க வேண்டும். மனசு அதன் மேல்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் கூட்டிப் பார்த்தேன். இன்ஜின் விலையைத் தாண்டியது. ஹால்டெக், லிங்க் மாதிரி பெரிய ஈசியூக்கள் பக்கம் விலை பார்க்கக்கூடப் போகவில்லை.

கடைசியில் ஸ்பீடுயினோ. ஆர்டுயினோ மெகா பலகையின் மேல் உட்காரும் திறந்த மூல ஈசியூ. நாலு இன்ஜெக்டர், நாலு இக்னிஷன், பலகையிலேயே மேப் சென்சார். 8 பிட், 16 மெகா ஹெர்ட்ஸ் சிப்பை வைத்து இன்ஜின் ஓட்டுவதா என்று சிரிப்பவர்கள் உண்டு. நாலு சிலிண்டருக்கு அது போதும். நான் இதை எடுத்த காரணம் விலை மட்டுமல்ல. இந்தக் கடற்கரையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கெட்டுப்போவது நிச்சயம். எப்போது என்பதுதான் தெரியாது. கெட்டால் யார் பார்ப்பது? ட்யூனிங் தெரிந்தவர்களைத் தேடினால் கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டும். கருப்பு ரப்பர் ஊற்றி மூடிய பெட்டியை எந்த மெக்கானிக்காலும் திறக்க முடியாது. ஸ்பீடுயினோவில் ஒரு மாஸ்ஃபெட் (கரண்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) போனால் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்து நானே பற்ற வைத்துக்கொள்வேன். மெகா பலகை இரண்டு உபரியாக மாவு டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு தூங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. ஸ்பீடுயினோவின் இக்னிஷன் வெளியீடு வெறும் 5 வோல்ட் சைகை. காயிலுக்குள் இக்னைட்டர் (காயிலின் கரண்ட்டை வெட்டும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். இல்லாத காயிலை நேராக மாட்டினால் பலகையிலிருந்து புகை வரும். எனக்கு வந்தது. ரிச்சி தெருவுக்கு முதல் பயணம் அதற்காகத்தான்.

இனி அந்த ஏழு வாரக் கதை.

எப்போது நெருப்பு தர வேண்டும் என்று ஈசியூவுக்குத் தெரிய, இன்ஜின் சுற்றும் கோணம் தெரிய வேண்டும். அதற்கு இன்ஜினோடு வந்த சென்சாரை நம்பாமல், கிராங்க் புல்லியில் 36-1 பல்சக்கரம் போட முடிவு செய்தேன். 36 பல்லுக்கு இடம், ஒரு பல் இல்லை. பல்லுக்குப் பல் 10 டிகிரி. விடுபட்ட இடத்தில் 20. அந்தக் காலியிடத்தை வைத்துத்தான் சுற்று எங்கே தொடங்குகிறது என்று ஈசியூ கண்டுபிடிக்கும். ராமநாதபுரத்தில் ஒரு லேத்தில் கொடுத்து வெட்டினேன். வந்த சக்கரம் நடுவில் முக்கால் மில்லி விலகி ஆடியது. சென்சாருக்கும் பல்லுக்கும் வைக்க வேண்டிய இடைவெளியே ஒரு மில்லிதான். அதில் முக்கால் மில்லி ஆட்டம் என்றால் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் சைகை சோரும். லேத்காரர் "டீசல் இன்ஜினுக்கெல்லாம் இதுவே அதிகம்" என்றார். புல்லியோடு சேர்த்துப் பிடித்து மறுபடி கடையச் சொன்னேன். டயல் கேஜில் பத்தில் ஒரு மில்லிக்குள் வந்தது.

சென்சார் வி.ஆர். வகை: காந்தம், கம்பிச் சுருள், வெளியே வரும் இரண்டு கம்பி, அவ்வளவுதான். அந்தச் சைகையைச் சதுர அலையாக மாற்ற மேக்ஸ் 9926 சிப் வைத்த குட்டிப் பலகையை ஸ்பீடுயினோவில் சொருகி, சென்சார் வகையைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பரை ஹால் வகையிலிருந்து வி.ஆருக்கு மாற்றினேன். சாவியைத் திருகினேன். பிடித்தது! பக்கத்து வீட்டுப் பையன் விசிலடித்தான். நிறுத்திவிட்டு மறுபடி திருகினால் வெறும் சுற்றுதான். மூன்றாவது தடவை பிடித்தது. 3,000 சுற்றுக்கு ஏற்றினால் சைலன்ஸரில் வெடி. டைமிங் லைட்டில் (நெருப்பு விழும் கணத்தில் மின்னும் விளக்கு) பார்த்தால், வேகம் ஏற ஏற புல்லியின் குறி கள் குடித்தவன் மாதிரி நகர்ந்துகொண்டே போகிறது.

இதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் சொன்னால் வெட்கம். சென்சார் இடைவெளியை ஐந்து தடவை மாற்றினேன். ஷீல்டு வயர் போட்டேன். அதை இரண்டு முனையிலும் எர்த் செய்து நாய்ஸை (மின் குறுக்கீட்டை) கூட்டிக்கொண்டேன். பிறகு ஒரு முனையைக் கழற்றினேன். ரெசிஸ்டர் பிளக் மாற்றினேன். பேட்டரி எர்த்துக்கு விரல் தடிமனில் புது கேபிள். மென்பொருளில் டிரிக்கர் எட்ஜ் அமைப்பை (சைகை ஏறும்போது பிடிப்பதா, இறங்கும்போதா என்பது) ரைசிங், ஃபாலிங் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. "8 பிட் சிப் அப்படித்தான், பேசாமல் மைக்ரோஸ்குவர்ட் வாங்கு" என்று மதுரை நண்பர் ஒருவர் தினமும் தீ வைத்தார். நானும் பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய்விட்டேன்.

விஷயம் டூத் லாகரில் முதல் நாளிலிருந்தே கண் முன்னால் இருந்திருக்கிறது. பல்லுக்குப் பல் ஆகும் நேரத்தை லேப்டாப்பில் கம்பி கம்பியாக வரைந்து காட்டும் படம் அது. 36-1 சக்கரம் சரியாக இருந்தால் ஒரு சுற்றுக்கு 34 கம்பிகள் ஒரே உயரமாக நிற்கும். ஒரே ஒரு கம்பி இரண்டு மடங்கு உயரம். என்னுடையதில் அந்த உயரக் கம்பியைக் காணோம். அதற்குப் பதிலாக ஒன்றரை மடங்கு உயரத்தில் இரண்டு கம்பிகள் அடுத்தடுத்து நின்றன. நான் அதை நாய்ஸ் என்று நினைத்தேன். நாய்ஸ் என்றால் தாறுமாறாக வரும். இது ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே உயரத்தில், இரட்டைப் பிள்ளைகளாக நின்றது. அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

உறைக்க வைத்தவர் மண்டபத்தில் படகுகளின் வயர்லெஸ், எக்கோ சவுண்டர் பழுது பார்க்கும் ஒரு அண்ணன். சென்சாரைக் கழற்றி அவரிடம் கொண்டு போனேன். டிஜிட்டல் மீட்டரைத் தள்ளி வைத்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து முள் ஆடும் பழைய மீட்டரை எடுத்தார். கம்பியை மாட்டி, ஸ்பேனரைச் சென்சார் மூக்கருகே கொண்டுவந்தார். முள் இடப் பக்கம் துடித்தது. எடுத்தார், வலப் பக்கம் துடித்தது.

"தம்பி, இதுல எது பிளஸ்?"

"ரெண்டும் ஒரே கலர் கம்பிண்ணே. வி.ஆர். சென்சாருக்குப் பிளஸ் மைனஸ் ஏதுண்ணே?"

"ஸ்பீக்கருக்கு இருக்குல்ல? இரும்பு கிட்ட வரும்போது முள்ளு வலது பக்கம் போகணும். ஒனக்குத் தலகீழா போவுது."

அவ்வளவுதான். வி.ஆர். சைகை பல்லின் நடுவில் செங்குத்தாகப் பூஜ்யத்தைக் கடக்கும். அந்த இடம்தான் துல்லியம். கம்பி தலைகீழானால் சிப் பல்லின் நடுவை விட்டுவிட்டு இரண்டு பல்லுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் நடுவைப் பிடிக்கும். அங்கே அலை சரிவாகக் கிடப்பதால் வேகத்துக்கு வேகம் இடம் மாறும். டைமிங் குறி நகர்ந்தது அதனால்தான். விடுபட்ட பல்லின் 20 டிகிரி பள்ளத்துக்கும் நடு ஒன்று உண்டு அல்லவா? அங்கே ஒரு சைகை விழுந்து, 20, 10 என்று வர வேண்டியது 15, 15 என்று பங்கு பிரிந்துவிடும். ஸ்பீடுயினோவோ முந்தின இடைவெளியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வந்தால்தான் அதை விடுபட்ட பல் என்று எடுத்துக்கொள்ளும். என்னுடையது சரியாக அந்த ஒன்றரையின் வரப்பில் நின்றது. ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். மூன்றுக்கு இரண்டு தடவை பிடித்த மர்மம் இதுதான். எட்ஜ் அமைப்பை மாற்றுவது இதற்கு மருந்தே இல்லை. கம்பியைத்தான் மாற்ற வேண்டும்.

பிளக்கிலிருந்து இரண்டு பின்னை உருவி இடம் மாற்றிச் சொருக நாலு நிமிஷம். லாகரில் ஒற்றை உயரக் கம்பி பனைமரம் மாதிரி எழுந்து நின்றது. மதுரை நண்பருக்குப் படம் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

உப்புக்காற்று ஏற்பாடும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈசியூ பானெட்டுக்குள் இல்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால், பிளக் கீழ்நோக்கி. வயர் முதலில் கீழே தொங்கிப் பிறகு மேலேறும். தண்ணீர் வழிந்தாலும் தொங்கலில் சொட்டிவிடும். பலகைக்கு இரண்டு கோட் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாத பூச்சு), மேப் சென்சார் மூக்கை டேப்பால் மூடிவிட்டு. (முதல் கோட்டில் மூட மறந்தேன். சென்சார் ஒன்று தண்டம்.) வயர் எல்லாம் படகுக்காரர்கள் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு. சாதா வயரை ஒரு வருஷம் கழித்து உரித்தால் உள்ளே கரி மாதிரி கறுத்திருக்கும், ஈயமும் ஒட்டாது. விலை இரண்டு மடங்கு, ஆனால் பாம்பன் பக்கம் வண்டி வைத்திருப்பவன் இதில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. கச்சான் காற்று அடிக்கிற நாளில் காலையில் கண்ணாடியைத் துடைத்தால் துணி பிசுபிசுக்கும். அதேதான் பின்னுக்குள்ளும் போகிறது.

எரிபொருள் மேப், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்ற அட்டவணை, இன்னும் கச்சா. இணையத்தில் கிடைத்த பழைய மேப்பை ஏற்றியதில் எல்லா இடத்திலும் லீன், பெட்ரோல் போதவில்லை. காரணம் பங்க்கில் வருவது இப்போது இ20, இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு பங்கு சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5 அருகில், அதே காற்றுக்கு ஏறத்தாழ 8-9 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். அதனால் புகையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் ஏஎஃப்ஆரை (காற்று-பெட்ரோல் விகிதத்தை) பார்ப்பதை விட்டுவிட்டு, கலவை சரியாக இருந்தால் ஒன்று காட்டும் லாம்டாவைப் பாருங்கள். எந்தப் பெட்ரோலானாலும் ஒன்று என்றால் ஒன்றுதான்.

மேப்பை முடிக்காமலே மனசு அடுத்த வேலைக்குத் தாவிவிட்டது. கார்புரேட்டர் காலத்து டேங்க்கில் தடுப்பு போதாது. பெட்ரோல் பாதிக்குக் கீழே போய், வளவு மணலில் வண்டியைச் சட்டென்று திருப்பினால் பம்ப் காற்றைக் குடிக்கிறது. மூன்று பார் அழுத்தம் நொடியில் விழுகிறது. பம்ப்புக்குப் பெட்ரோலைத் தேக்கித் தரும் சின்ன சர்ஜ் டேங்க் ஒன்று செய்ய வேண்டும், அல்லது டேங்க்கைத் திறந்து உள்ளேயே தடுப்புத் தகடு வைக்க வேண்டும். தகடு வைப்பதென்று டேங்க்கைக் கழற்றி, உச்சிப்புளியில் ரேடியேட்டர் பற்ற வைக்கும் கடைக்குக் கொண்டு போனேன். அண்ணன் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கடையை விட்டே வெளியே வைக்கச் சொன்னார். சோப்புத் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஊற வைத்து, வாசனை போன பிறகு வரச் சொல்லியிருக்கிறார். இன்றுதான் முதல் நாள். டேங்க் கிணற்றடியில் கிடக்கிறது.