ஹீட்டரைப் போடுறதுக்கு முன்னாடி கதவுக்கு அடியில குனிஞ்சு பாருங்க

போன குளிர்காலத்துல வந்த கரண்ட் பில்லைப் பாத்துட்டு எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல, முந்தின மாசத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல. சரி பணம் போனா போகுது, வீடாவது கதகதப்பா இருந்துச்சான்னா அதுவும் இல்ல. ஹீட்டர் பக்கத்துல உக்காந்தா முகம் எரியும், முதுகு சில்லுன்னு இருக்கும், ராத்திரி படுத்தா கால் விறைச்சுப் போய் தூக்கம் வராது. அம்மா அப்போ எங்களோடதான் இருந்தாங்க. ஒரு நாள் விடியக்காலைல தண்ணி குடிக்க எழுந்து போறேன், அம்மா இருட்டுல கட்டில்ல உக்காந்து ரெண்டு கையாலயும் பாதத்தை தேச்சிட்டு இருக்காங்க. "ஏம்மா, ஹீட்டரைப் போட்டுக்க வேண்டியதுதானே"ன்னு கேட்டா, "வேண்டாம்டி, பில்லு எகிறிடும், கொஞ்ச நேரத்துல விடிஞ்சுடும்"ங்கறாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. வயசானவங்க பில்லுக்கு பயந்து குளிர்ல உக்காந்திருக்கக் கூடாதுன்னு அன்னைக்கே ஒரு முடிவோட இறங்கினேன்.

முதல்ல செஞ்சது, கையை தண்ணில நனைச்சு புறங்கையை ஒவ்வொரு கதவு ஜன்னல் ஓரமாவும் கொண்டு போனதுதான். ஈரத் தோல்ல லேசா காத்து பட்டாக்கூட சுருக்குன்னு தெரியும். வாசக்கதவுக்கு அடியில வெச்சேன் பாருங்க, கத்தி மாதிரி காத்து. தரையோட தரையா படுத்துப் பாத்தா வெளி வெளிச்சம் ஒரு கோடா உள்ள வருது. அந்த வெளிச்சத்தை நான் தினமும் பாத்திருக்கேன், அது வழியாதான் சூடு போகுதுன்னு ஒரு தடவை கூட தோணல. 1 சென்டிமீட்டர் இடைவெளி, கதவு அகலம் 90 சென்டிமீட்டர், கணக்குப் போட்டா சுவத்துல உள்ளங்கை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு வெச்ச மாதிரி. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்திட்டு தண்ணி பத்தலன்னு சொல்லிட்டு இருந்திருக்கோம்.

பழைய பேன்ட் ஒண்ணோட காலை வெட்டி அதுக்குள்ள கிழிஞ்ச துணியெல்லாம் நல்லா இறுக்கித் திணிச்சு ரெண்டு முனையும் தைச்சு கதவுக்கு அடியில போட்டேன். ஜன்னல் ஃப்ரேம்ல ஒட்டுற ஃபோம் டேப், ஏசி பைப் போற ஓட்டையைச் சுத்தி இடுக்கை அடைக்கற சிலிக்கோன் பசை, அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரியே ஹால்ல வித்தியாசம் தெரிஞ்சுது, காத்து அசையல. (கேஸ் ஹீட்டர், விறகு அடுப்பு இருக்கற வீட்டுல காத்து வர்றதுக்குன்னே வெச்சிருக்கற வென்டை மட்டும் தயவுசெஞ்சு அடைச்சுடாதீங்க, அது உயிர் விஷயம், கீழ சொல்றேன்.)

அடுத்தது ஜன்னல். தெர்மாமீட்டர் 20 டிகிரி காட்டும், ஆனா ஜன்னல் பக்கத்து சோஃபால உக்காந்தா நடுக்கம் எடுக்கும், ரொம்ப நாள் இது ஏன்னே புரியல. நம்ம உடம்பு சுத்தி இருக்கற காத்துக்கு மட்டும் சூட்டைக் குடுக்கறதில்ல, எதிர்ல இருக்கற குளிர்ந்த கண்ணாடிக்கும் சுவத்துக்கும் கதிர்வீச்சா இழந்துட்டே இருக்கும். அதனால காத்து சூடா இருந்தும் குளிரும். சோஃபாவையும் அம்மாவோட கட்டிலையும் வெளிச்சுவர்லேர்ந்து நகத்தி உள்பக்க சுவரோரமா போட்டோம், காசு செலவே இல்லாம கிடைச்ச பெரிய பலன் இதுதான். வெயில் விழற ஜன்னல்ல பகல் பூரா திரையை விலக்கி விட்டுட்டு பொழுது சாயறப்போ கனமான திரையை இழுத்து மூடிடறது. ஜன்னலுக்குக் கீழ சுவத்துல ரேடியேட்டர் (உள்ள வெந்நீர் ஓடற ஹீட்டர்) இருக்கறவங்க ஒண்ணு கவனிங்க, திரை அதை மூடற மாதிரி தொங்கினா சூடு பூரா ஜன்னலுக்குதான் போகும், திரையோட கீழ் ஓரம் ரேடியேட்டரைத் தொடாம அதுக்கு மேலயே முடிஞ்சுடணும்.

இப்ப கணக்கு. 2000 வாட் ஹீட்டர் நிக்காம 5 மணி நேரம் ஓடினா 10 யூனிட். விலை கூடின மாடல் வாங்கினா கரண்ட் மிச்சமாகும்னு நானும் நம்பி கடை கடையா பாத்தேன், ஆனா ஆயில் ஹீட்டரோ ஃபேன் ஹீட்டரோ, 1 யூனிட் கரண்ட் உள்ள போனா 1 யூனிட் சூடுதான் வெளிய வரும், அதுல ஒரு மாடலும் விதிவிலக்கு இல்ல. அதை விட அதிகமா குடுக்கறது ஹீட் பம்ப் மட்டும்தான், அது வெளிக்காத்துல இருக்கற சூட்டை உள்ள இழுத்துட்டு வர்றதால. ஆனா 100 வாட் எலக்ட்ரிக் பிளாங்கெட் 8 மணி நேரம் விடாம ஓடினாக்கூட 0.8 யூனிட்தான். ஏன்னா அது ரூமை சூடாக்கல, ஆளை சூடாக்குது. ரூம் பூரா இருக்கற காத்து, சுவர், பீரோ எல்லாத்தையும் சூடாக்கி அதுக்கு நடுவுல நாம உக்காந்திருக்கறதுக்கு பதிலா நம்மளையே நேரா சூடாக்கறது எவ்வளவோ மேல்.

அம்மாவுக்கு வெந்நீர் பைதான் பிடிச்சுது. ஒன்றரை லிட்டர் தண்ணியை 60 டிகிரி ஏத்த சுமார் 0.1 யூனிட் போதும். கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க, கொஞ்சம் ஆற விட்டு, முக்கால் பை கூட வேண்டாம், அதுக்கும் கொஞ்சம் குறைச்சலா ஊத்தி, மூடறதுக்கு முன்னாடி பையை மெல்ல அழுத்தி காத்தை வெளியேத்திட்டு இறுக்கி மூடணும். மேல துணி உறை கட்டாயம். ரப்பர் வெடிச்ச மாதிரி கோடு தெரிஞ்சா யோசிக்காம தூக்கிப் போட்டுடுங்க. படுக்கறதுக்கு அரை மணி முன்னாடியே போர்வைக்குள்ள கால் பக்கம் வெச்சுட்டா படுக்கறப்போ பாயெல்லாம் வெதுவெதுன்னு இருக்கும்.

சாக்ஸ் விஷயத்துல ஒரு தப்பு பண்ணிட்டு இருந்தோம். குளிருதேன்னு ரெண்டு டைட் சாக்ஸ் ஒண்ணு மேல ஒண்ணா போட்டா கால் இன்னும்தான் சில்லிட்டுப் போகும், ரத்த ஓட்டமும் தடைபடும், சூட்டைப் பிடிச்சு வெக்கற காத்துக்கும் உள்ள இடம் இருக்காது. கொஞ்சம் தளர்வா ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போதும். காட்டன் வேர்வைல நனைஞ்சா குளிரும், கம்பளி அந்த அளவுக்கு இல்ல.

எல்லா ஓட்டையும் அடைச்சு முடிச்சு சந்தோஷமா இருந்தப்போ ஒரு மாசத்துல பீரோவை நகத்திப் பாத்தா பின்னாடி சுவர் பூரா கருப்பா பூசணம். மனசு விட்டுப் போச்சு. நாம விடற மூச்சு, சமையல் ஆவி, குளியல், உள்ள காயப் போடற துணி எல்லாத்தோட ஈரமும் போக வழியில்லாம குளிர்ந்த சுவத்துல போய் தண்ணியா படிஞ்சிருக்கு. இப்போ காலைலயும் சாயங்காலமும் ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு எதிரெதிர் ஜன்னலை முழுசா திறந்து 5, 10 நிமிஷம் விட்டு மூடிடறேன். சூடு பூரா போயிடாதான்னு வீட்டுக்காரர் கேட்டார். 30 கன மீட்டர் ரூம்ல இருக்கற காத்து மொத்தத்தையும் மறுபடி 10 டிகிரி ஏத்த 0.1 யூனிட்தான் ஆகும், அதாவது ஒரு வெந்நீர் பை. சூடு நிறைய தேங்கி இருக்கறது சுவத்துலயும் சாமான்லயும், அது 10 நிமிஷத்துல போகாது. ஜன்னலை நாள் பூரா ஒரு விரக்கடை திறந்து வெக்கறதுதான் நஷ்டம்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன், மூடின ரூமுக்குள்ள கரி, விறகு எதையும் எரிச்சு குளிர் காயாதீங்க. அதுலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தூக்கத்துலயே ஆளைக் கொண்டு போயிடும். எரிபொருள் எரியற எந்த ஹீட்டர் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வெச்சுடுங்க. அதே மாதிரி வயசானவங்க, கைக்குழந்தை இருக்கற ரூம்ல சிக்கனம் பாக்காதீங்க. குளிர் பிரதேச வீடுகளுக்குள்ள குறைஞ்சது 18 டிகிரி இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018ல சொல்லிருக்கு, இவங்களுக்கு அதுக்கு மேலயும் தேவைப்படலாம். நாங்க அம்மா ரூமை 20க்கு கீழ விடறதே இல்ல, மிச்சம் பிடிச்சதெல்லாம் ஆள் இல்லாத மத்த ரூம்லதான்.

பாத்ரூம் ஜன்னல் மட்டும் இன்னும் பாக்கி, மேல் மூலைல கையை வெச்சா சுருக்குங்குது. ஃபோம் டேப் அரை சுருள் மீதி இருக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை ஏணி போட்டு ஏறணும்.